முன்னால் வராத நுரை

என் ஆசை அண்ணன் சின்னையாவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் ரோடு எப்படி? குண்டு குழி இல்லாத ரோடாக இருந்தால் உனக்குக் கஷ்டம்தான். மெதுவாக ஓட்டுவதற்குச் சாக்கு கிடைக்காது. நீ ஓட்டிய காரை, சைக்கிளில் வந்த ஒருவர் மணியடித்து ஒதுங்கச் சொன்னாரே, அதை நான் இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் பழைய கார்க்கார நண்பர்கள் உன்னுடைய முதல் வருச நினைவுக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். "தங்கச்சி, நீயும் நாலு வரி எழுது" என்றார்கள். அஞ்சாம் கிளாஸோடு நின்றவளிடம் நாலு வரி கேட்டால் நிறுத்தத் தெரியாமல் எழுதுவாள் என்று பாவம் அவர்களுக்குத் தெரியவில்லை. இது உனக்குத்தான். ஆனால் அவர்களும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். ஒரு வருசமாக அவர்கள் உன்னைப் பற்றி ஒரு தப்பான பேச்சை நம்புகிறார்கள். தப்பு என்று தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

"சின்னையா கட்டுன சிலிண்டரு சின்னையாவையே காப்பாத்தல." இதுதான் அந்தப் பேச்சு. உன் கருமாதிப் பந்தலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். நீ தீயணைக்கிற சிலிண்டர் கட்டிக்கொடுத்த பதினோரு கார்க்காரர்களில் ஒன்பது பேர் அதை வேண்டாம் என்றுவிட்டார்கள். கழற்றிக் கொண்டுவந்து நம் ஷெட்டில் போட்டுவிட்டுப் போனார்கள். என் தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே கிடக்கின்றன. கார் சீட்டு தைத்துக்கொண்டே நான் அவற்றைப் பார்ப்பேன்.

கார் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், அது என்ன சாமான் என்று உன் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். "பழைய காருல ரப்பரு பழசு, ஒயரு பழசு. பெட்ரோல் மட்டும் புதுசு. அது சும்மா கெடக்குமா?" என்பாய். கோயம்புத்தூரில் ரேஸ் கார் வேலைக்கு இருந்தபோது நீ கற்றுக்கொண்டு வந்த வேலை. சீட்டுக்கு அடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு சிலிண்டர். ஓட்டுகிறவர் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு சிவப்புக் கைப்பிடி. அதை இழுத்தால் குழாய் வழியாக நுரை ஓடி, குழாய் முனையில் இருக்கிற நாலு நாசிலில் பீய்ச்சும். இரண்டு நாசில் உள்ளே, காலடியில். இரண்டு முன்னால், இன்ஜினுக்கு மேலே. நாசிலின் ஓட்டை ஊசி நுழைகிற அளவுதான்.

போன வருச ஆயுத பூஜைக்கு உன் சொந்தக் காரைத் துடைத்து நடுவில் நிறுத்தியிருந்தாய். நம் அப்பா பிறப்பதற்கு முந்தி வந்த கார். ஏதோ ஒரு பங்களாவின் பின்கட்டில் கோழி அடைகாத்துக் கிடந்த வெறும் கார்க் கூட்டை வாங்கி வந்து, ஆறு வருசம் இழைத்து இழைத்து எழுப்பியிருந்தாய். மதினி கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக் கொண்டுவந்தாள். "இங்கிட்டு வா ஏத்தா, எல்லாத்துக்கும் பொட்டு வையி" என்றாய்.

ஸ்பேனருக்கு வைத்தேன், ஜாக்கிக்கு வைத்தேன், என் மெஷினுக்கு வைத்தேன். பானெட் திறந்திருந்தது. குனிந்தால் அந்த இரண்டு நாசிலும் கண்ணில் பட்டன. எனக்குத்தான் வாயும் கையும் சும்மா இருக்காதே. ஆளுக்கொரு பொட்டை ஓட்டை மேலேயே வைத்து அழுத்தினேன்.

"அண்ணே, ஒன் வண்டிக்கு ரெண்டு மூக்கு இருக்கு. மூக்குத்தி போட்டுட்டேன். இனிமே மாப்பிள்ளை பாத்துரலாம்."

"மொதல்ல ஒன் வாய்க்கு ஒரு சிலிண்டர் கட்டணும்" என்று தொந்தி குலுங்கச் சிரித்தாய். பிறகு பானெட்டை மூடினாய். சூடம் காட்டினாய்.

மூடுவதற்கு முந்தி நீ குனிந்து பார்த்தாயா? பார்க்காமலே சிரித்தாயா?

பன்னிரண்டு நாள் கழித்து, கட்டுமாவடிக்கு மீன் வாங்கப் போகிறேன் என்று காலையில் அந்தக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். அறந்தாங்கி தாண்டி ஒரு டீக்கடைக்கு எதிரே முன்பக்கம் புகைந்திருக்கிறது. பெட்ரோல் ஓஸ் எங்கே விட்டதோ, தெரியாது. டீக்கடை அக்கா பிறகு என்னிடம் சொன்னார்: நீ ஓரமாக நிறுத்திவிட்டு, முழங்கால் வரை வெள்ளை நுரையோடு இறங்கினாயாம். "கிட்ட போவாதீங்க" என்று எல்லோரும் கத்த, நீ கையைக் காட்டி, "அணைஞ்சிருச்சுங்க, அணைஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே போய்ப் பானெட்டைத் தூக்கினாயாம். குப்பென்று தீ உன் மேல் பாய்ந்ததாம். உள்ளே வந்த நுரை முன்னாலும் வந்திருக்கும் என்று நம்பித்தானே போனாய்? நீ கட்டியதை நீ நம்பாமல் வேறு யார் நம்புவார்கள்?

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாய். உன் குரலே இல்லை அது. "இழுத்தேன் ஏத்தா. காலெல்லாம் நுரை. முன்னாடி வரல. ஏன் வரல?"

எனக்கு அந்த நிமிசமே தெரிந்துவிட்டது. என் விரல் நுனியில் அந்தப் பொட்டின் ஈரம் தெரிந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தூங்குண்ணே" என்றேன். நீ தூங்கவில்லை. எந்த இடத்தில் குழாயை மடக்கினோம், எந்த நட்டை விட்டோம் என்று வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டு கிடந்தாய். சாயங்காலம் போய்விட்டாய். உன் வேலையில்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டே போனாய் அண்ணே. ஒரு வார்த்தையில் அதை மாற்றியிருக்கலாம். என் வாய் ஊரையே பேசும், அன்றைக்கு மட்டும் அடைத்துக்கொண்டது.

இன்னொன்றும் செய்தேன். எரிந்த காரைக் கட்டி இழுத்து வந்து ஷெட்டில் விட்டார்கள். ஆள் இல்லாத நேரம் பார்த்து முன் நாசில் இரண்டையும் பார்த்தேன். சந்தனம் செங்கல் மாதிரி வெந்து ஓட்டையை அடைத்திருந்தது. சீட்டு தைக்கிற ஊசியை எடுத்துக் குத்திக் குத்தி வெளியே எடுத்தேன். ஊதித் துடைத்தேன். பிறகுதான் உன் நண்பர்கள் வந்து பார்த்து, "நாசில் எல்லாம் சுத்தமாத்தானே இருக்கு, சிலிண்டர்தான் சரியில்ல போல" என்றார்கள். நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன்.

அதற்கப்புறம் நான் சிரிக்கவில்லை என்று நினைக்காதே. சிரித்தேன், எல்லோரையும் கேலி பண்ணினேன். அதுதான் பயமாக இருக்கிறது. பஸ்ஸில் கண்டக்டர் "முன்னாடி போங்க" என்றால் உன் குரலில் "வரல" என்று மீதியும் கேட்கும். கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தை நீட்டினால் கை பின்னால் போய்விடும். ஷெட்டில் யாராவது பானெட்டைத் தூக்கினால், மத்தியான வெளிச்சத்திலேயே, நீ அந்தப் பக்கம் நின்று குனிந்து தேடுகிற மாதிரி இருக்கும். ஏன் வரல, ஏன் வரல என்று.

போன மாசம் மஸ்கட் சார் வந்தார். நீலக் கார் வைத்திருப்பவர். மஸ்கட்டிலிருந்து திரும்பியதிலிருந்து அவருக்கு நான் வைத்த பேர். "பின் சீட்டை அகலமா தச்சுக் குடும்மா. லீவுக்குப் பிள்ளைக ரெண்டையும் கடலுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். அளவெடுக்க உள்ளே குனிந்தேன். முன் சீட்டுக்கு அடியில் சிலிண்டர் இருந்த இடத்தில் வெறும் போல்ட் ஓட்டை. பெட்ரோல் வாசமும் லேசாக அடித்தது.

"சிலிண்டர மறுபடி மாட்டிக்கிட்டா என்ன சார்?"

"அது எதுக்கும்மா? ஒங்க அண்ணனுக்கே..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

டேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்தப் பிள்ளைகள் இரண்டும் நான் தைத்த சீட்டில்தானே படுத்துக்கொண்டு போகும்?

மறுநாள் மதினி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாசிலுக்குமா வச்சே?" என்றாள்.

"முன்னாடி ரெண்டுக்கும்."

"அப்புறம் ஊசியால எடுத்தியா?"

"ஆமா மதினி."

கீரையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் ஷெட்டுக்கு வந்து நின்றாள். "எங்கிட்டச் சொல்லி என்னடி ஆகப்போகுது? அந்த மஸ்கட்டுக்காரரை வரச்சொல்லி அவருக்கிட்டச் சொல்லு" என்றாள்.

அவர் நம்பவில்லை. "அம்புட்டு வேகத்துல வர்ற நுரையச் சந்தனம் தடுக்குமா? அண்ணன் பேரக் காப்பாத்தச் சொல்றியாம்மா?" என்றார். அப்படியென்றால் செய்தே பார்த்துவிடலாம் என்று முடிவானது. அவர் கழற்றிப் போட்ட சிலிண்டரையே எடுத்துத் தரையில் நாலு நாசிலோடு பூட்டினோம். அன்றைக்குப் போலவே இரண்டுக்கு மட்டும் பொட்டு. பன்னிரண்டு நாள் காய விடுவது.

மதினி கிண்ணத்தில் சந்தனப் பொடியைக் கொட்டினாள். பிறகு இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, மைதா மாவில் ஒரு கை போட்டாள்.

"என்ன மதினி, மைதா?"

"அன்னைக்கும் போட்டேன். எண்ணெ இரும்புல பொட்டு நிக்கலன்னு ஒங்கண்ணன் கத்துவாருல்ல." என் முகத்தைப் பார்க்காமல் குழைத்துக்கொண்டே இருந்தாள்.

போஸ்டர் ஒட்டுகிற பசை அது, அண்ணே. காய்ந்தால் கல்.

நிஜமாகவே அன்று அவள் மைதா போட்டாளா? நான் ஒருத்தியே சுமக்க வேண்டாம் என்று பாதியைத் தன் தலையில் எடுத்துக்கொண்டாளா? இல்லை, எப்படியாவது உன் பேர் மீளட்டும் என்று செய்தாளா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை. என் பாரத்தை இறக்கப்போய் அவள் மேல் வைத்துவிட்டேனோ என்று ஒரு பயம் இப்போது புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது. உனக்குத் தெரியும். நீ சொல்ல மாட்டாய்.

பன்னிரண்டாம் நாள் மதினிதான் கைப்பிடியை இழுத்தாள். உள் நாசில் இரண்டும் அந்த நொடியே சீறின. முன் நாசிலில் ஒன்று கொஞ்ச நேரம் கழித்துப் பொட்டைத் துப்பிவிட்டு ஒழுகியது. இன்னொன்று திறக்கவே இல்லை. சுற்றிலும் நுரை பரவிக் கிடக்க, அந்தப் பொட்டு மட்டும் உலர்ந்து அப்படியே இருந்தது.

மஸ்கட் சார் ஒரு டயர் மேல் உட்கார்ந்தார். "வழி கெடச்ச பக்கமா எல்லாம் போயிருச்சு. சின்னையா வேலையில தப்பில்ல" என்றார்.

"அத இன்னொருக்காச் சொல்லுங்க சார்" என்றேன். சொன்னார். மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு அவர் என்னைப் பார்த்தார். "நீ செஞ்சது வெளாட்டுத்தான். ஆனா ஊசியால எடுத்தே பாரு, அது வெளாட்டு இல்ல. சிலிண்டர மாட்டிக்கிறேன். ஒன் கை அதுல படக்கூடாது."

"சரிங்க சார். சீட்டு நான் தைக்கலாமா, அதுக்கும் வேற கையப் பாக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். வாய், என்ன செய்வது. அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "சீட்டு நீயே தையி" என்றார்.

புதிதாக நுரை அடைத்து வாங்கி, மதினி மாட்டினாள். இத்தனை வருசம் உனக்கு விளக்குப் பிடித்தவளுக்கு எந்த நட்டு எங்கே என்று தெரியாதா? நான் எட்ட நின்று பார்த்தேன். மற்ற எட்டு வண்டிக்காரர்களும் இதைப் படித்துவிட்டு வரட்டும். என்னைத் திட்டுகிறவர்கள் திட்டிவிட்டு உள்ளே வாருங்கள். சிலிண்டரை மதினி மாட்டித் தருவாள். பூஜை அன்று பொட்டைச் சிலிண்டர் வயிற்றில் வையுங்கள். நாசில் பக்கம் விரல் போக வேண்டாம்.

அண்ணே, நீ கேட்டுவிட்டுப் போனதற்குப் பதில் இதுதான். குழாயை நீ சரியாகத்தான் மடக்கினாய். எந்த நட்டையும் விடவில்லை. தேடாதே, பானெட்டை மூடு.

இனி யாராவது எந்தப் பந்தலிலாவது "சின்னையா கட்டுன சிலிண்டரு" என்று ஆரம்பித்தால், அவர்கள் முடிப்பதற்குள் எழுந்து என் பேரைச் சொல்வேன். சாப்பாட்டுப் பந்தியாக இருந்தாலும் சரி, பாதி இலையில் எழுந்து சொல்வேன். இது சத்தியம்.

கேட்டபோது சொல்லாமல் விட்ட,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
பஞ்சவர்ணம்