மறைத்து வைத்த குறிப்புக் கட்டம்

8, திங்கள்
காலையிலேயே தூறல். அத்திபெலே சாலையில் லாரி நகரவில்லை. குழாய் லோடு பதினோரு மணிக்குத்தான் இறங்கியது. வாடிக்கையாளர்கள் ஆர்டர் போடும் கடை ஆப்பை எழுதிக் கொடுத்த கவிதா, வைட்ஃபீல்டிலிருந்து போன். "நம்ம ஆப்ல சேர்த்திருக்கிற லைப்ரரி, அதான் வெளியாளுங்க எழுதின ரெடிமேட் கோடு, அதுக்குப் புது வெர்ஷன் வந்திருக்கு சார். போட்டா வேகம் கூடும். ரெண்டு நாள் டெஸ்ட் பண்ணிட்டுப் போடுறேன்."
"எதுக்கும்மா ரெண்டு நாள்? இன்னிக்கே போடு."
போட்டாள். வேகம்தான்.

9, செவ்வாய்
சர்ஜாபுரம் கடைக்காரர் போனில் சிரிப்பு. "ஏன்ணா, 'பேச்சு லாரி லோடு, ஆர்டர் ஆட்டோ லோடு', அது நானா?"
ஆப்பில் ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயருக்குக் கீழும், எனக்கு மட்டும் தெரிய நான் எழுதி வைத்த குறிப்பு. அவரவர் போனில் அவரவருடையது தெரிகிறது.
கவிதாவுக்குப் போன் போட்டேன். க. உடனே ஆப்பை நிறுத்தினாள். "டேட்டாபேஸ்ல இருந்து எடுத்துக் குடுக்கிறது லைப்ரரியோட கிளாஸ், ஒரு கோடு துண்டு சார். அதைத் தொடாம, அதுல இருக்கிற ஃபங்ஷன் பேரையே வச்சு, அதுக்குக் கீழ நம்ம சப்கிளாஸ் ஒண்ணு எழுதினேன், குறிப்பை மறைக்க. புது வெர்ஷன்ல அந்த ஃபங்ஷனுக்குப் பேரை மாத்திட்டாங்க. நான் பழைய பேர்ல எழுதினது சும்மா கிடக்குது, லைப்ரரி அதைக் கூப்பிடல."
எர்ரர்கூட வரவில்லையாம்.
"நான் கேட்ட ரெண்டு நாள் இதுக்குத்தான் சார்."


சந்தாபுரா: அம்மா வரைக்கும் திட்டு.
ஆனேக்கல்: மரியாதையாகப் பேசி ஆர்டர் ரத்து.
ஓசூர் முனிராஜ்: போனே இல்லை. அதுதான் பயம்.

பதினெட்டு வருடப் பழக்கம். என் முதல் ஆர்டர் அவன் கொடுத்தது. அவன் பெயரில் போன வருடம் எழுதியது: "பெண்டாட்டிக்கு சீரியஸ் என்று சரக்கு எடுக்காமல் இழுக்கிறான். பாதி நடிப்பு."
மறு மாதமே அந்தம்மா இறந்துபோனது. சுடுகாடு வரை போனேன். திரும்பி வந்து அதை அழிக்கத் தோன்றவில்லை. லைப்ரரியா எழுதியது? நான்.

10, புதன்
ஓசூர் போனேன். முனிராஜ் கடையில் தனியாக. "வா அண்ணா, கூத்கோ, உட்காரு."
உட்கார்ந்தேன்.
அவனுக்குக் கோபமும் இல்லை. "ஒண்ணு மட்டும் சொல்லுண்ணா. பாதி நடிப்புன்னு போட்டிருக்க. எந்தப் பாதி?"
டீ வந்தது. இரண்டு பேரும் தொடவில்லை.

11, வியாழன்
மழை. சந்தாபுரா லோடு அப்படியே நிற்கிறது.
க. போன். சரிசெய்து, டெஸ்டும் பண்ணிவிட்டாளாம். "இனிமே யாருக்கும் தெரியாது சார். ஆன் பண்ணட்டுமா?"
பண்ணு என்றேன்.
ஆப்பின் வாடிக்கையாளர் பட்டியலில் முனிராஜ் பெயர் இல்லை. க. அழிக்கவில்லையாம். அவனே விலகியிருக்கிறான்.