ஒரு பல்லுக்கு மூன்று வரிகள்

லிட்டில் இந்தியா,
சிங்கப்பூர்.

அன்புள்ள சகோதரி சரசுவுக்கு,

பல் கிளினிக்கின் முன்மேசையில் இருக்கும் ஷமீமா எழுதுகிறேன். அறந்தாங்கியில் நீங்களும் மகள் அனிதாவும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். நீங்கள் டாக்டர் பெயருக்கு எழுதிய கடிதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. எங்கள் டாக்டர் சிவானி இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், ஆனால் கையெழுத்தைப் படிக்கத் திணறுவார். நான்தான் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும், "அக்கா, நீங்களே பதில் எழுதுங்க லா. நான் எழுதினா பரீட்சைப் பேப்பர் மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

சிகிச்சைக்கு வருகிறவரின் விஷயத்தை அவரைக் கேட்காமல் யாரிடமும் சொல்லக் கூடாது. மனைவியாக இருந்தாலும் அதுதான் முறை. ஆகவே உங்கள் வீட்டுக்காரர் வந்தபோது கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்துகொண்டு மறுபடியும் படித்தார். "எல்லாத்தையும் எழுதிடுங்கக்கா. போன்ல சொல்ல எனக்கு வாய் வரல" என்றார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மனம் நிம்மதியாகட்டும். ரகுபதி நன்றாக இருக்கிறார். தாடை எலும்புக்கு ஒன்றுமில்லை. அவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை, அவரை யாரும் அடிக்கவும் இல்லை. போன வாரம் அவருக்குப் பல் கட்டி முடித்துவிட்டோம். இப்போது இரண்டு பக்கமும் மென்று சாப்பிடுகிறார்.

பல் கட்ட ஆகும் செலவைக் கணக்கிட்டு நாங்கள் கொடுத்த எஸ்டிமேட் பேப்பரின் படத்தை அவர் வேறொருவருக்கு அனுப்பப் போய், கை தவறி உங்களுக்கு வந்துவிட்டது. அவர் அழிப்பதற்குள் அனிதா படித்துச் சொல்லிவிட்டாள். போனில் கேட்டால் 'கால் தடுக்கி விழுந்தேன், ஒரு பல்தான் போச்சு' என்கிறார், ஆனால் பேப்பரில் மூன்று பல் இருக்கிறது, அதிலும் தங்கம் என்று போட்டிருக்கிறது, எது உண்மை என்று கேட்டிருந்தீர்கள். வீடியோவில் பேசும்போது அவர் கையால் வாயை மூடிக்கொள்வதையும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் பயந்ததில் தப்பே இல்லை. அந்தப் பேப்பரைப் பார்த்து உங்களுக்கு முன்பே அவர் கம்பெனியின் இன்ஷூரன்ஸ்காரர்கள் இதே கேள்விகளைக் கேட்டுவிட்டார்கள்.

போனது ஒரு பல்தான். இடது பக்கம் கீழே உள்ள பெரிய கடைவாய்ப்பல். வேர்வரை பிளந்துபோனதால் எடுக்க வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் புதிதாக ஒரு பல்லை வைத்தால் அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? அதற்கு வேர் கிடையாது. அதனால் முன்னால் இருக்கும் பல்லையும் பின்னால் இருக்கும் பல்லையும் கொஞ்சம் செதுக்கி, இரண்டுக்கும் உலோகத்தில் தொப்பி போடுவோம். நடுப்பல் அந்த இரண்டு தொப்பிகளோடும் ஒட்டி ஒரே துண்டாக வார்த்து வரும். இதற்குப் பெயர் பிரிட்ஜ், அதாவது பாலம். பாலத்துக்கு இரண்டு பக்கமும் தூண் வேண்டும் அல்லவா? பில் போடும்போது ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு வரி. தூணுக்கு ஒரு வரி, நடுவில் தொங்கும் பல்லுக்கு ஒரு வரி, அடுத்த தூணுக்கு ஒரு வரி. அனிதா படித்த மூன்று வரிகள் இவைதான்.

இனி தங்கம். சாதாரணமாக இந்த வேலைக்கு விலை குறைந்த உலோகம் போதும், ஆனால் அதில் நிக்கல் கலந்திருக்கும். ரகுபதி சட்டைக் கையின் மேல்தான் வாட்ச் கட்டுவார். உங்களுக்குத் தெரியாததா! டாக்டர் முதல் நாளே அதைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டார். தோலில் பட்டால் சிவந்து தடித்துவிடும் என்று இவர் சொல்ல, தோல் பரிசோதனைக்கு அனுப்பினார். நிக்கல் ஒத்துக்கொள்ளாது என்று முடிவு வந்தது. மணிக்கட்டு என்றால் வாட்சைக் கழற்றிவிடலாம், வாய்க்குள் ஒட்டியதை என்ன செய்வது? அதனால்தான் தங்கம் கலந்த உலோகம். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு டாக்டரைப் பற்றிப் பெருமையாக இருக்கிறது. வாயைப் பார்க்கிறவர் கையையும் பார்த்தாரே!

மேலே பீங்கான் பூசி, பார்க்க அசல் பல் மாதிரியே செய்யலாம் என்றும் டாக்டர் சொன்னார். அதற்குப் பக்கத்துப் பற்களை இன்னும் அதிகமாகச் செதுக்க வேண்டும். "எதுல என் சொந்தப் பல்லு அதிகம் மிஞ்சும்?" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டார். வெறும் உலோகத்தில் என்றதும், "அப்ப அதையே போடுங்க டாக்டர். சிரிக்கும்போது தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுது" என்றார். கழற்றி மாட்டும் பல் மலிவுதான். ஆனால் அவர் வேலை செய்யும் கப்பல் பட்டறையில் நாள் முழுக்க முகமூடி போட வேண்டியிருக்கிறது, அதன் பட்டை தாடையை அழுத்த, அந்தப் பல் உள்ளே நகர்ந்துகொண்டே இருக்கும்.

இப்போது அவரால் சொல்ல முடியாமல் போனதைச் சொல்ல வேண்டும். நீங்கள் தைரியசாலி என்பது கடிதத்திலேயே தெரிந்தது.

அவர் தடுக்கி விழவில்லை. பட்டறையில் ஒரு பெரிய குழாயின் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இறுகிப்போன போல்ட். ஸ்பேனரை ஒருவர் முழு பலத்தோடு இழுக்க, இவர் எதிரே குனிந்து குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்பேனர் சட்டென்று நழுவி இவர் தாடையில் பட்டது. இழுத்தவர் உங்கள் தம்பி அசோக்.

சரசு, இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

அன்றிலிருந்து அசோக், அவர்கள் தங்கியிருக்கும் பூன் லே பக்கத்திலிருந்து ஒவ்வொரு முறையும் அத்தானோடு கூடவே வந்தான். கையில் ஒரு பிளாஸ்க்கில் கஞ்சி. டாக்டர் உள்ளே கூப்பிட்டால் வர மாட்டான். என் மேசைக்கு எதிரே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். நான் தேத்தண்ணீர் கொடுத்தால் "வேணாங்கக்கா" என்பான். இவன் யார், ஏன் இப்படி இருக்கிறான் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. யாரோ கூட வேலை செய்கிறவன் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் இவர் சிகிச்சை முடிந்து வெளியே வந்து, மரத்துப்போன வாயோடு அவன் தோளில் கை போட்டு, "உன் அக்கா கேட்டதுக்கு நான் விழுந்தேன்னு சொல்லிட்டேன்டா. நீ போன் பண்ணிப் பேசு" என்றார். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இதற்கிடையில் இன்ஷூரன்ஸிலிருந்து பதில் வந்தது. விபத்தில் போனது ஒரு பல், ஒரு பல்லுக்குத்தான் தருவோம், மற்ற இரண்டும் நல்ல பற்கள், அவற்றுக்கு ஏன் தர வேண்டும், தங்கம் ஆடம்பரம் என்று எழுதியிருந்தார்கள். விளக்கி எழுதினோம். அதே பதில் திரும்ப வந்தது.

அவருடைய கம்பெனி ஆபீசில் இந்தப் பேப்பர்களைப் பார்க்கிற ஒருவர் எனக்குப் போன் செய்தார். "அக்கா, மூணு பல்லும் அடிபட்டு ஒடஞ்சுதுன்னு ஒரு வரி மாத்தி எழுதிடுங்க. உடனே பாஸாயிடும். யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். டாக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முடியாது என்று தலையாட்டிக்கொண்டே போனை வாங்கக் கை நீட்டினார். அதற்குள் உங்கள் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். அன்று அசோக் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான்.

"வேணாம் சார். ஒரு பல்லு ஒடஞ்சதுக்கே அந்தப் பய சரியாச் சாப்பிட மாட்டேங்கிறான். மூணுன்னு எழுத்துல போட்டா அவன் என்ன ஆவான்? ஒண்ணுதான் போச்சு, ஒண்ணுன்னே இருக்கட்டும். காசு வரலன்னா ஓட்டைப் பல்லோட இருந்துக்கறேன்" என்றார்.

போனில் இருந்தவர் சரி என்று சொல்லி வைத்துவிட்டார். இந்த மேசையில் எத்தனையோ விதமான மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். பில்லைப் பார்த்துச் சத்தம் போடுவார்கள், அழுவார்கள், பாதியிலேயே வராமல் போய்விடுவார்கள். தன் வாயில் இருக்கும் ஓட்டையை வைத்துக்கொண்டு இன்னொருவன் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட்டவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் அதோடு விடவில்லை. தன் லீவு நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு தெம்பனிஸில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கே புறப்பட்டுவிட்டார். உங்கள் வீட்டுக்காரரின் கீழ்த்தாடையை அச்செடுத்துச் செய்த சுண்ணாம்புத் தாடை ஒன்று எங்களிடம் இருந்தது. அதை ஒரு கேக் டப்பாவில் வைத்து, எம்ஆர்டி ரயிலில் என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த அம்மா பிறந்தநாளா என்று விசாரித்தார். நான் ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

அங்கே இருந்த அதிகாரி வயதான ஒரு சீனப் பெண்மணி. முகத்தில் சிரிப்பே இல்லை. டாக்டர் வாதாடவில்லை. டப்பாவைத் திறந்து தாடையை மேசையில் வைத்தார். மெழுகில் செய்த ஒற்றைப் பல் ஒன்றை அந்த அம்மாவின் கையில் கொடுத்து, "இதை அந்த இடைவெளியில் நிறுத்திக் காட்டுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டார். அவர் வைத்தார், விழுந்தது. திருப்பி வைத்தார், விழுந்தது. கண்ணாடியைச் சரி செய்துகொண்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார். அப்புறம் டாக்டர் மூன்று பற்களாகச் சேர்ந்திருந்த துண்டைக் கொடுத்தார். அது கச்சிதமாக உட்கார்ந்தது. தாடையைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அப்போதும் நின்றது. அவரையும் மீறி அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தங்கத்துக்குத் தோல் பரிசோதனை முடிவைக் காட்டினோம். எக்ஸ்ரேயைக் கேட்டார். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "பக்கத்துப் பற்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன, நீங்களும் அப்படியேதான் எழுதியிருக்கிறீர்கள். எழுத்தும் படமும் ஒத்துப்போவதால் என்னால் மேலிடத்தில் பேச முடியும்" என்றார். பேசவும் செய்தார். மூன்று வரிக்கும் சம்மதம் வந்தது, உலோகத்துக்கும் வந்தது. உங்கள் வீட்டுக்காரர் கையிலிருந்து எதுவும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர் அன்று அந்த வரியை மாற்றச் சம்மதித்திருந்தால் அந்த எக்ஸ்ரேயே எங்களைக் காட்டிக்கொடுத்திருக்கும். அவருக்கு எக்ஸ்ரே பற்றியெல்லாம் தெரியாது. அசோக்கை நினைத்துச் சொன்னார், அவ்வளவுதான்.

பல் ஒட்டிய அன்று டாக்டர் கண்ணாடியைக் காட்டினார். ரகுபதி வாயைத் திறந்து, கன்னத்தை இழுத்து, மஞ்சளாக மின்னுவதைப் பார்த்துவிட்டு அசோக்கை உள்ளே கூப்பிட்டார். "டேய், சிராங்கூன் ரோட்ல எல்லாரும் தங்கத்தைக் கண்ணாடிக்குள்ள வச்சு விக்கிறாங்க. உங்க அத்தான் வாய்க்குள்ளயே கடை போட்டாச்சு, பார்றா" என்றார். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அசோக்கும் சிரித்தான், சிரிப்பிலேயே அழுதான். மூவரும் கீழே போய்ச் சாப்பிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. டாக்டர்தான் வாங்கிக் கொடுத்தாராம். உங்கள் தம்பி வயிறாரச் சாப்பிட்டதாக ரகுபதி எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார்.

பல்லைப் பற்றி நான் சொல்ல வேண்டியது முடிந்தது. ஊசி போல் மெல்லிய பிரஷ் ஒன்று கொடுத்திருக்கிறோம், பாலத்துக்கு அடியில் தினமும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கடிதத்தின் ஓரத்தில், அசோக் சிங்கப்பூர் போனதும் பெரிய ஆளாகிவிட்டான், அக்காவுக்குப் போன் செய்யக்கூட நேரமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் அவனிடம் படித்துக் காட்டவில்லை. அவன் ஊருக்கே திரும்பிப் போய்விடுகிறேன் என்று பையைக் கட்டியிருக்கிறான். உங்கள் வீட்டுக்காரர்தான் அந்தப் பையைத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டார். அக்கா புருஷன் மேல் கை வைத்தவன் என்று தன்னையே சொல்லிக்கொள்கிறான். என்ன சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறான். நாங்கள் சொல்லி ஆகிற காரியமல்ல, சரசு.

இந்தக் கடிதம் கிடைத்ததும் 'வந்தது' என்று மட்டும் அனிதாவை விட்டு அப்பாவுக்கு ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். அன்று சாயங்காலம் உங்களைக் கூப்பிடுவதாக அசோக் என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறான். விபத்தைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், போதும்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன். போன் அடித்து, எடுத்ததும் அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே வராவிட்டாலும் வைத்துவிடாதீர்கள் தங்கச்சி. அது அவன்தான்.

உங்கள் மீது அன்புள்ள,
ஷமீமா