பதினெட்டு இரண்டாமிடங்களும் ஒரு மூன்றாமிடமும்

அலுவிகாரை,
மாத்தளை.

அன்பு மகன் இப்ஹாமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் தங்கச்சி நஸ்மியாவும் சுகம். கத்தாரில் நீயும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். வாப்பா மவுத்தாகி ஏழு கிழமையாகிறது. அன்றிலிருந்து நீ என் போன் கோலை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினாலும் பதில் இல்லை. அதனால்தான் லீவு முடிந்து திரும்பும் உன் கூட்டாளி ரிஸ்வியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ வாசித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

விதவையாக நான் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா முடிய இன்னும் எண்பது நாள் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே இருந்து எனக்குச் சலித்துவிட்டது. மிளகு காய்கிறது, நஸ்மியா பார்த்துக்கொள்கிறாள். தம்புள்ளை மரக்கறி லொறிக்காரர்கள் இன்னும் நம்ம கராஜ் வாசலில் நிறுத்தி வாப்பாவைக் கேட்கிறார்களாம். நுவரெலியா ஏப்ரல் பந்தயத்தில் வாப்பா ஓட்டிய காரை வாங்க கண்டியிலிருந்து ஒருவர் வந்தார். மகனைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியனுப்பினேன்.

உன் மனதில் இருப்பதை நஸ்மியா சொன்னாள். மவுத்துக்கு இரண்டு நாள் முந்தி வாப்பாவோடு போனில் சண்டை போட்டாயாம். "ரெண்டாவது வாறதுக்கா எங்கட ஏப்ரல் லீவையெல்லாம் நாசமாக்கினீங்க?" என்று கேட்டாயாம். அதுதான் நீ அவரிடம் கடைசியாகப் பேசியதாம். ஜனாஸாவுக்கும் நீ வந்து சேர முடியவில்லை. அன்றைக்கே அடக்க வேண்டியதாயிற்று. ஜனாஸாவை எடுக்கச் சொன்னது நான்தான், அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

போன வெள்ளிக்கிழமை மக்கீன் மாமா வந்தார். கூடப்பிறந்த மூத்தவர், என் நானா என்பதால் இத்தாவிலும் அவரோடு உட்கார்ந்து பேசலாம். வாப்பாவின் காரைத் திருத்தியவரும் அவர்தானே. அலுமாரியில் உள்ள கிண்ணங்களைக் காட்டி, பதினெட்டு இரண்டாமிடம், ஒரு மூன்றாமிடம், ஒரு தரமாவது முதலாவது வந்திருக்கக் கூடாதா என்றேன். நானா ஒரு கிண்ணத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"தங்கச்சி, மச்சானுக்கு ஓட்டத் தெரியாம இல்ல. கடைசி வளைவுல எக்ஸிலேட்டர்ல இருந்து காலைத் தூக்கிருவாரு. எத்தனை தரம் ஏசியிருப்பேன். வீட்டுல மூணு பேரு வழி பாத்துட்டு இருக்காங்க மக்கீன்னு சொல்லுவாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டாரு."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பத்தொன்பது ஏப்ரல், நுவரெலியாவிலிருந்து கெட்ட செய்தி வருமோ என்று பயந்து, தொண்டை காயக் காய யாசீன் ஓதியிருக்கிறேன். அந்த மனிதர் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பயந்தவர் என்று நான் கேலி செய்வேன் என நினைத்தாராம். செய்திருப்பேன்தான். பிறகு சிரித்தேன், அழுதேன், அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். வாப்பா விடிய சுபஹ் தொழுதுவிட்டு வந்து தன் சொந்தக் கட்டிலில், தன் தலையணையிலேயே மவுத்தானார். அல்ஹம்துலில்லாஹ், நான் கேட்டதெல்லாம் அதுதான்.

இனி உனக்குச் சேர வேண்டியது. நீ ஏசிய அன்றே வாப்பா கராஜுக்குப் போய் அதை நானாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாராம். "மகன் கேட்டது சரிதான். ஆனா ரெண்டாவது வந்ததாலதான் இன்னைக்கு அவன்ட ஏச்சைக் கேக்க உசுரோட இருக்கேன்" என்றாராம். பின்னேரம் வட்டிலப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மனம் நொந்தவரின் பசி அப்படி இருக்காது மகன். நாற்பது வருஷம் அவருக்குச் சமைத்துப் போட்டவள் சொல்கிறேன்.

உன் வாப்பாவுக்கு மஃபிரத் என்னும் பாவமன்னிப்பையும் உனக்கு நிம்மதியையும் ரஹ்மானாகிய அல்லாஹ் தரட்டும். இதை வாசித்ததும் ஒரு கோல் எடு. என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் ஸலாம் மட்டும் சொல். அதுவும் வராவிட்டால் அழு. நான் போனை வைக்க மாட்டேன்.

உன் உம்மா,
கைறுன்னிஸா