அப்பாவுக்கென்று தனித்தாள்

3 ஜூன்

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் கல்லூரி முகவரிக்கு வந்து சேர்ந்தது. அப்பாவுக்கென்று நீ தனியாக மடித்து வைத்திருந்த தாளை, வழக்கம்போல என் மேசை இழுப்பறையில் மற்றவற்றோடு வைத்திருக்கிறேன். நேரம் பார்த்துக் கொடுக்கிறேன். வீட்டுக்கு மட்டும் எழுதிவிடாதே. உன் முதல் கடிதத்தை அவர் பிரிக்காமலே நான்காகக் கிழித்ததைக் கண்ணால் பார்த்தவள் நான்.

மனிதர் மாறவில்லை. நம் மூக்குக்கண்ணாடிக் கடையில் எதிர்க்கடைக்காரரோடு இருந்த கூட்டு முறிந்து இருபது வருஷம் ஆகிறது. இன்னும் அந்தப் பக்கம் ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இத்தனை பேர் இருக்க அந்த வீட்டுப் பையனைத்தான் கட்டிக்கொள்ள வேண்டுமா என்று ஏழு வருஷமாக நான் உன்னைக் கேட்கவில்லை, இனியும் கேட்கப்போவதில்லை. தினமும் மாலையில் நான் பையை மாட்டுவதற்குள், "தபால் ஏதாச்சும் வந்துச்சா?" என்பார். "இல்லப்பா" என்பேன். கடைக்குள் கண்ணாடிச் சில்லைத் தேய்க்கப் போய்விடுவார். பகையை ஆறவிடாமல் காப்பதில்தான் எவ்வளவு ஒழுங்கு!

குட்டிக்கு விழுந்த பல் முளைத்ததா?

அன்புடன்,
அக்கா

19 ஜூன்

அன்புள்ள வாத்தியாரம்மா அக்காவுக்கு,

முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணலாக. "தாத்தாவுக்கும் இப்படித்தானாம்மா?" என்று கேட்கிறாள். தாத்தாவின் பல்லை அவள் எங்கே கண்டாள்? இந்தத் தடவைத் தாளில் அவளே படம் வரைந்திருக்கிறாள். பெரிய மூக்குக்கண்ணாடி, அதற்குப் பின்னால் சின்னதாகத் தாத்தா.

அக்கா, அந்த நேரம் எப்போதுதான் வரும்? "உங்க அக்கா என்ன, கேள்வித்தாள் மாதிரி பூட்டி வச்சிருக்காங்களா?" என்று இவர் கேலி செய்கிறார். சிரித்துவைத்தேன். அப்புறம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

அப்பா திட்டினாலும் பரவாயில்லை. வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டட்டும். அவர் இருக்கும்போதே ஒருமுறை வந்துவிடுகிறேனே. கேட்டுச் சொல்லேன்.

உன்,
வாலு

7 ஜூலை

அன்புள்ள வாலுவுக்கு,

அவசரப்படாதே. அப்பாவை நான்கு நாள் மருத்துவமனையில் வைத்திருந்து நேற்றுத்தான் அழைத்துவந்தேன். இதயம் பலவீனமாம், அதிர்ச்சி எதுவும் கூடாது என்கிறார் டாக்டர். உன்னை வாசலில் கண்டு அவருக்கு ஏதாவது ஆனால், காலமெல்லாம் அதைச் சுமப்பது நீதான்.

வகுப்பில் அந்தப் பழைய துன்பியல் நாடகத்தை மறுபடி நடத்துகிறேன். பகைவன் மகனை மணந்த மகளுக்குக் கோட்டைக் கதவை அடைக்கும் அரசன் கதை. பள்ளியில் நீ அந்த மகளாக நடித்து, செத்துக் கிடக்கும்போது தும்மினாயே, அதேதான். அன்பும் வெறுப்பும் எதிரெதிரே நிற்கும் இரண்டு படைகள் என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "வெறுத்துட்டாருன்னா வேலையப் பார்க்க வேண்டியதுதானே மேடம்? எதுக்கு தினமும் கோட்டை மேல ஏறி ரோட்டையே பார்த்துட்டு நிக்கிறாரு?" என்றாள். "எதிரி படை வருதான்னு பார்க்கிறார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

செப்டம்பர் வரை பொறு.

அன்புடன்,
அக்கா

21 ஆகஸ்ட்

அன்புள்ள வாலுவுக்கு,

நீ வந்துபோய்ப் பத்து நாள் ஆகிறது. சாவு வீட்டில் அவ்வளவு கூட்டத்தில் என் தோளில் சாய்ந்து, "கடைசி வரைக்கும் என்னை மன்னிக்கவே இல்லையேக்கா" என்று அழுதாய். உன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அதற்கு முந்தின நாள் மாலை, மறுபடி சேர்த்திருந்த மருத்துவமனையில் அவர் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். "தபால் வந்துச்சா?" என்றார். வாய்ப்பழக்கத்தில் "இல்லப்பா" என்றேன். "ஏழு வருஷமா ஒரு வரிகூடவா எழுதல சின்னவ? மொதல் லெட்டரக் கிழிச்சதுக்கு அவ்வளவு வெறுப்பா எம்மேல?" என்றார்.

அதற்குள் நர்ஸ் ஊசியோடு வந்துவிட்டாள். காலையில் தாள்களையெல்லாம் கொண்டுவந்து படித்துக் காட்டலாம் என்று நினைத்தேன். விடிவதற்குள் போய்விட்டார்.

உன் கடிதம் வந்துவிடக் கூடாதே என்றுதான் தினமும் கேட்கிறார் என்று நம்பினேன். அதுவும் முழு உண்மையில்லை. அம்மாவும் இல்லாத அந்த வீட்டில், நீ போனபின் பிள்ளை என்று நான் ஒருத்திதான். அது எனக்குப் பிடித்திருந்தது.

முப்பத்தொரு தாள்களையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். குட்டியின் படமும் இருக்கிறது. திட்டி எழுது. எவ்வளவு வேண்டுமானாலும் வெறுத்துக்கொள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

9 செப்டம்பர்

அக்காவுக்கு,

கட்டு வந்து சேர்ந்தது.

திட்டி எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். உங்களோடு சண்டை போட எனக்குச் சொல்லித்தரவா வேண்டும்? ஒரு சீப்புக்காக ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கிறோம். அப்போதெல்லாம் மனத்துக்குள் உங்களைத் திட்டித் தீர்க்க நாள் போதாது. இப்போது எவ்வளவு தேடியும் கோபம் வரவில்லை. வெறுப்பும் இல்லை. யாரோ ஒருவருக்கு வந்த கடிதம் கதவு மாறி என் வீட்டில் விழுந்ததுபோல உங்கள் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

குட்டி படத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். "தாத்தாவுக்குப் பிடிக்கலையாம்மா?" என்று கேட்டாள். "ரொம்பப் பிடிச்சுதாம்" என்று சொன்னேன். எனக்கும் பொய் நன்றாகத்தான் வருகிறது.

இதற்குப் பதில் வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கை