மூடாமல் விட்ட டேலியா

வியாழக்கிழமை. உறைபனி.

குவார்ட்டர்ஸ் தோட்டப் போட்டியில் இந்த வருஷம் கோப்பை எங்களுக்கு. பாராட்ட வந்த பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர், "நான் ஊருல இல்லாதப்ப, சொல்லிட்டுப் போன மாதிரியே என் டேலியாவையும் சாக்குப் போட்டு மூடினீங்களே, அப்பிடியும் கருகிப்போச்சுங்க," என்றார். நாங்கள் மூடவேயில்லை. வேண்டாம் என்றது நான். சரியென்று தலையாட்டியது என் வீட்டுக்காரர்.

டீச்சர் போனதும், "உண்மையைச் சொல்லீரலாமா?" என்றார்.

"சொன்னா ரெண்டு பேர் பேரையுஞ் சொல்லோணுங்க," என்றேன்.

இப்போது அவர் எங்கள் சாக்குகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய், டீச்சரின் புதுக் கன்றுகளை மூடிக்கொண்டிருக்கிறார். மூடட்டும். கோப்பை அலமாரியை விட்டு நகராது. எங்கள் செடிகள் மேல் என் கம்பளியைப் போர்த்திவிட்டேன். விரல் விறைக்கிறது. விறைக்கட்டும்.