பொட்டலத்தில் வந்த கல்யாணம்

அன்புள்ள அண்ணா,

தாய்லாந்து இன்ஜினியர் இன்று மறுபடி ஆபீசுக்கு வந்தார். என் மேசையில் ஒரு பொட்டலத்தை வைத்தார். அதே புளித்த தேயிலை வாசனை. சட்டென்று உங்கள் இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே இப்போது பிரிண்டர் இருக்கிறது.

நாம் குடியிருந்த சுகர் லேண்டிலிருந்து ஆபீசுக்கு ஒரே காரில்தான் போவோம். இரண்டு பேர் இருந்தால் மட்டும் விடுகிற லேனில் பறப்பீர்கள். பேச்செல்லாம் பர்மாதான். அறுபதுகளில் ரங்கூனிலிருந்து குடும்பத்தோடு கப்பலேறினீர்கள். கல்யாணமாகியிருந்த அக்கா மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். பிறகு எத்தனையோ தடவை கேட்டும் உங்களுக்கு விசா கிடைக்கவில்லை. அங்கிருந்து தாய்லாந்துக்கு எரிவாயுக் குழாய் போடும் வேலையில் நம் கம்பெனியும் சேரப்போகிறது என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தீர்கள்.

எனக்குப் பிடிக்கவில்லை. "உலகமே ஒதுக்கி வெச்ச மிலிட்டரி கவர்ன்மென்ட். அவங்களோட போய் பிசினஸ் பண்ணணுமா அண்ணா?"

"ஒதுக்கினது கவர்ன்மென்டைத்தான் தம்பி. மாட்டிக்கிட்டது எங்க அக்காதானே" என்றீர்கள்.

பர்மாவோடு வியாபாரம் செய்யக்கூடாது என்று இங்குள்ள அரசு தடை போட்டது, நம் கம்பெனி விலகியது. பக்கத்து நாடுகள் விலகவில்லை. அந்த வேலையாக ரங்கூன் போய்வந்த இந்த இன்ஜினியர்தான் நீங்கள் கேட்டுக்கொண்டதற்காக உங்கள் அக்காவைத் தேடிப்பிடித்து, அவர் தந்த பொட்டலத்தைக் கொண்டுவந்தார். நான் வேறு, உங்களை அசத்துவதாக நினைத்து அந்தத் தேயிலையைப் பாலில் கொதிக்கவிட்டேன். பால் திரிந்துபோனது.

விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அட கிறுக்கா, இது ஊறப்போட்ட இலைடா, சாப்பிடறது!" பிறகு கண் கலங்கிவிட்டது. "அங்க கல்யாணத்துக்கு அழைக்கணும்னா இதைத்தான் குடுப்பாங்க. அக்கா பொண்ணுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன்டா."

போக முடியவில்லை. மீதி இலையைப் பூண்டும் எள்ளும் போட்டுப் பிசைந்து இருவரும் தின்றோம். நமக்கு அதுதான் கல்யாணச் சாப்பாடு.

போன வருடம் அக்காவைப் பார்க்காமலே நீங்கள் கண்மூடிவிட்டீர்கள். அந்தச் செய்தியையும் இவரிடம்தான் சொல்லியனுப்பினேன். வேண்டாம் என்று நான் வாதாடிய அந்தக் குழாய் வேலையின் வழிதான், வேறு வழி தெரியவில்லை. அந்த அரசைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை. உங்கள் அக்காவை மட்டும் மறக்க முடியவில்லை.

காரில் தனியாகப் போகப் பிடிக்கவில்லை அண்ணா. மற்ற கார்களோடு நெரிசலில் ஊர்கிறேன், பேச ஆளில்லை.

இன்று வந்த பொட்டலம் எனக்காம். அக்காவின் இளைய மகளுக்குக் கல்யாணம். "என் தம்பியோட கார்ல போன தம்பிக்கு" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினாராம்.

விசாவுக்கு அப்ளை பண்ணப் போகிறேன். தாய்மாமன் இடத்தில் ஒருவர் நிற்க வேண்டுமே.