திங்கட்கிழமைத் தோல்

மே 12, திங்கள்

மறுபடியும். கணக்கு வகுப்பு முழுவதும் முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டே இருந்தேன். வெள்ளைச் சட்டையில் ரத்தப் பொட்டு. பக்கத்தில் இருந்த கலோலைன், "ஏய் சியோ, உள்ள யாராச்சும் மாட்டிக்கிட்டாங்களா? தோண்டிக்கிட்டே இருக்கியே!" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரி, கொஞ்சம் வந்தது.

ஏன் எப்போதும் திங்கட்கிழமை? சனிக்கிழமைக்குள் ஓரளவு ஆறிவிடுகிறது. ஞாயிறு போய்த் திங்கள் வந்தால் முழங்கை, முழங்காலுக்குப் பின்பக்கம், கழுத்து எல்லாம் சிவந்து தடித்துப் பொருக்கு விட்டிருக்கிறது.

எல்லோரிடமும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. அம்மாவுக்கு ஆக்டோபஸ். அப்பாவுக்கு மழைநீர்த் தொட்டி. பாதிரியார் மனைவிக்கு நான் ராத்திரி புத்தகம் படிப்பது (!!). மெலியாமே அத்தைக்கு என் அம்மா.

"ஹாபாய்க்காரங்க ரத்தம். எங்க பக்கத்துல யாருக்காவது இப்படி இருக்கா?" என்றார் அத்தை, அம்மாவின் காதுபடவே. அம்மா பிறந்தது ஹாபாய்த் தீவில். "ஆமாங்க அண்ணி" என்று அம்மா கிழங்கைக் கொஞ்சம் ஓங்கி வெட்டினாள். அப்பா தரையைப் பார்த்தார். அப்பாவின் அக்கா பேசும்போது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தரைதான் பிடிக்கும்.

மே 14, புதன்

ஆஸ்பத்திரி. நர்ஸ் ஃபினாவ் பார்த்த மாத்திரத்தில், "எக்சிமா" என்றார். "உன் தோல் ஒரு சண்டைக்காரி. ஏதோ ஒண்ணைப் பார்த்தா கிளம்பிடுது. எதைப் பார்த்துன்னு நீதான் கண்டுபிடிக்கணும். நான் உங்க வீட்ல குடியிருக்கல."

அதிகச் சூடில்லாத தண்ணீரில் சீக்கிரம் குளித்து முடிக்க வேண்டும். தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் டப்பாவில் கொடுத்த வழுவழுக் களிம்பு. சிவந்த இடத்துக்கு மட்டும் குழாய் மருந்து. நகத்தை அவரே வெட்டிவிட்டார், கோபமாக. "சந்தேகப்படறதை ஒவ்வொண்ணா நிறுத்திப் பாரு. எல்லாத்தையும் ஒண்ணா நிறுத்தினா எதுன்னு எப்படித் தெரியும்?"

இது அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது! முதல் பாடத்திலேயே! எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஞாயிறன்று மட்டும் நான் சாப்பிடுவது எது? லூ. சேம்பிலையில் தேங்காய்ப்பாலும் டின் இறைச்சியும் பொதிந்து குழியடுப்பில் வேகவைத்த லூ. ஐயோ, அதுவாக இருக்கக் கூடாது.

மே 18, ஞாயிறு

லூ சாப்பிடவில்லை. குழியைத் திறந்தபோது வந்த வாசனையில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெறும் கிழங்கு.

மே 19, திங்கள்

அரிப்பு. அப்படியே.

ஜூன் 2, திங்கள்

மூன்றாவது ஞாயிறும் லூ இல்லை, அரிப்பு மட்டும் உண்டு. என் பங்கைத் தின்று தம்பி கொழுக்கிறான்.

இன்று இன்னொன்று நடந்தது. ஆகஸ்டில் வரும் பள்ளி விழாவில் தௌஓலுங்கா ஆட என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தனி ஆட்டம்! நான்! நூலக அலமாரிக்குப் பின்னால் நான் கை அசைவு பழகுவதை டீச்சர் பார்த்திருக்கிறார். சின்ன வயதிலிருந்து எனக்கு வேண்டும் என்று இருந்தது இது ஒன்றுதான். வீடுவரை ஓடினேன். வியர்த்தது. அரித்தது. அப்போதுதான் உறைத்தது.

ஆடுகிறவளின் தோளும் கையும் காலும் எண்ணெயில் மின்ன வேண்டும். அந்த மினுமினுப்பில்தான் ஊரார் வந்து பணத்தாளை ஒட்டுவார்கள். மின்னாவிட்டால் பெண்ணிடமே ஏதோ சரியில்லை என்று பேசுவார்கள். நான் கருவாடு மாதிரி நிற்பேன்.

டீச்சர் கடைசியில் சொன்னது: "அதுக்குள்ள ஆறணும் சியோசியானா. இல்லேன்னா கலோலைனை ஆட விட வேண்டியதுதான்."

ஜூன் 8, ஞாயிறு

காற்றும் மழையும். சாலையில் மரம் விழுந்து கிடக்கிறது. தேவாலயம் இல்லை, யாரும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அம்மா பானையிலேயே லூ வேகவைத்தாள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பொதி தின்றேன். நாளைக்குச் செத்தேன்.

ஜூன் 9, திங்கள்

சாகவில்லை. ஒன்றுமே இல்லை!

ஜூன் 10, செவ்வாய்

நேற்று முழுக்க யோசித்தேன். லூ இருந்தது. தேவாலயம் இல்லை. தேவாலயத்தில் என்ன இருக்கிறது? பாட்டு. பிரசங்கம். இடுப்பில் கட்டும் தாழம்பாய், ஆனால் அதைப் பள்ளிக்கும் கட்டுகிறேன். அப்புறம்...

எண்ணெய்.

ஒவ்வொரு ஞாயிறு காலையும் அத்தை வருகிறார். மொஹோகோய்ப் பூவும் சந்தனமும் ஊறிய எண்ணெய், அவர் கையால் செய்தது, இந்தத் தீவிலேயே பேர்பெற்றது. என் கை, கால், கழுத்தெல்லாம் தேய்க்கிறார். புண் இருக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம். "காஞ்சு கிடக்கு பாவம்" என்று சொல்லிக்கொண்டே!

மூன்று ஞாயிறு லூவை விட்டேனே!

ஜூன் 13, வெள்ளி

ஒரு கணுக்காலில் அத்தை எண்ணெய், இன்னொன்றில் சமையலறைத் தேங்காயெண்ணெய் என்று மூன்று நாளாகத் தடவிப் பார்த்தேன். அத்தை பக்கம் சிவந்து வீங்கிவிட்டது. சமையலறைப் பக்கம் சும்மா இருக்கிறது. அம்மாவிடம் இரண்டு காலையும் காட்டினேன்.

"வாயைத் திறக்காத. அவங்க எண்ணெய் வேணாம்னா அவங்களே வேணாம்னு அர்த்தம்."

"அப்பா சொல்லலாமே?"

"உங்கப்பாவா? அக்காகிட்ட உப்பு கேக்கவே ரெண்டு நாள் யோசிப்பாரு."

ஜூன் 22, ஞாயிறு

தேய்த்து முடித்ததும் தேவாலயத்துக் குழாயடிக்கு ஓடிக் கழுவினேன். நிமிர்ந்தால் அத்தை.

"என்னடி கழுவுற?"

"சேறு, அத்தை."

கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து மறுபடி தேய்த்தார். முன்னைவிடத் தாராளமாக.

ஜூலை 4, வெள்ளி

அத்தைக்குக் காய்ச்சல், போன ஞாயிறு வரவில்லை. எண்ணெய் இல்லை. இருந்தும் அரிப்பு! இது என்ன நியாயம்? நான்தான் கண்டுபிடித்துவிட்டேனே!

நர்ஸ் ஃபினாவ் சிரிக்கவே செய்தார். "பரீட்சையா? தூக்கமில்லையா? பாய்க்கு உள்ள வியர்வையா? ஒரே திருடன்னு நினைச்சியாக்கும். இது கும்பல்டி. பெரிய திருடனைப் பிடிச்சிட்ட, சின்னவங்களையும் பார்த்துக்க."

இனிப் பாய்க்கு உள்ளே பருத்தித் துணி. பரீட்சையை யார் பிடிப்பது?

ஜூலை 19, சனி

விழாவுக்கு எண்ணெய் காய்ச்ச அத்தை வீட்டுக்கு வரச் சொன்னார். என் ஆட்டத்துக்கான எண்ணெய். மறுக்க முடியுமா? நான் தேங்காய் துருவினேன். அத்தை எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பூவைப் பிசைந்தார். வடிதுணியைக் கொடுக்க எதிர்ப்பக்கம் போனபோது அவர் கையைப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. சிவப்பு, பொருக்கு, ஓரத்தில் நீர்.

"கைக்கு என்ன அத்தை?"

"வேலை செய்யற கை. உன்னை மாதிரி புத்தகம் புரட்டற கையா?"

"எப்பவுமே இப்படித்தானா?"

"பூக்காலத்துல வரும். அப்புறம் போயிடும்..."

அதோடு அவரே நிறுத்திக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். கையை நீட்டி என் முழங்கையை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரே துணியிலிருந்து கிழித்தது போல இருந்தது.

"எனக்குத் திங்கக்கிழமை வருது அத்தை."

அத்தை என் முழங்கையைப் பார்த்தார். கணுக்கால் வரை பார்த்தார்.

"வீட்டுக்குப் போ."

வந்துவிட்டேன். பாதித் தேங்காய் துருவாமல் கிடக்கிறது. என்ன காரியம் செய்துவிட்டேன்?

ஜூலை 20, ஞாயிறு

அத்தை வரவில்லை. அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடி சொன்ன அவங்களை?" என்று அம்மா. ஒன்றும் சொல்லவில்லை, காட்டினேன். அது சொன்னதைவிட மோசம் என்கிறாள்.

ஜூலை 27, ஞாயிறு

வரவில்லை. தேவாலயத்தில் என் பக்கம் திரும்பவும் இல்லை. தோல் நன்றாக இருக்கிறது. வேறு எதுவும் நன்றாக இல்லை. அத்தை எண்ணெய் போடாமல் நான் ஆடினால் ஊரே கேட்கும், அப்பா தலைநிமிர முடியாது. அவர் எண்ணெயைப் போட்டுக்கொண்டால் விழா முடியும்வரைகூடத் தாங்காது. டீச்சரிடம் போய்க் கலோலைனை ஆட விடச் சொல்லட்டுமா? கலோலைனே, "நான் ஆடினா ஜனங்க பணத்தைத் திருப்பிக் கேப்பாங்க, ஒழுங்கா நீயே ஆடு" என்கிறாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அத்தை வந்தார்! வழக்கம் போல, கதவைத் தட்டாமல். பையில் புதுப் பாட்டில். கையை நீட்டச் சொன்னார், நீட்டினேன், கண்ணை மூடிக்கொண்டேன். பூ வாசனைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வெறும் தேங்காய்.

அம்மாவுக்கும் மூக்கு இருக்கிறதே. "அண்ணி, பூ போடலையா..."

"இந்த வருஷம் எனக்குப் பூ பிடிக்கல."

எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

நேற்று ஆடினேன். முழங்காலுக்குப் பின்னால் ஒரு திட்டு மட்டும் அடங்கவில்லை, வியர்வைக்கு எழுந்தது. போகட்டும். மற்றதெல்லாம் மின்னியது. மின்னியது என்று கலோலைனே சொன்னாள்!

ஆட்டத்துக்கு முன்பு பாதிரியார் மனைவி கிட்டே வந்து முகர்ந்து பார்த்தார். "மெலியாமே, உன் எண்ணெய்ல வாசனையே இல்லையே! பூ தீர்ந்துபோச்சா?"

"வாசனை வேணும்னா தோட்டத்துக்குப் போ" என்றார் அத்தை.

பாட்டு பாதியில் இருக்கும்போது அத்தை எழுந்து எனக்குப் பின்னால் ஆடுகிறவளின் சொந்தக்காரர்கள் வழக்கமாகப் போடும் கோமாளியாட்டத்தை ஆரம்பித்தார், கையைக் காலை வீசிக்கொண்டு, ஊரே சிரிக்க. நான் மட்டும் சிரிக்காமல் ஆட வேண்டுமே! அப்படியே என் பக்கம் வந்தவர் பணத்தாளை எடுத்தார். எல்லோரும் தோளில்தான் ஒட்டினார்கள். அத்தை என் முழங்கை மடிப்பில் ஒட்டினார். ஒட்டிக்கொண்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் குளித்துவிட்டுக் களிம்பு டப்பாவைத் திறந்தேன். நான் எப்போதும் ஓரத்திலிருந்துதான் வழித்தெடுப்பேன். இன்று நடுவில் ஒரு பள்ளம், என் விரலைவிட அகலமாக.

"அம்மா, இதை யாரு எடுத்தது?"

அம்மா கிழங்கை மெதுவாக, ஒரே சீராக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க அத்தை வந்துட்டுப் போனாங்க," என்றாள். "ஹாபாய் ரத்தம் அவங்களுக்கும் தொத்திக்கிச்சு போல."